போதையில பேசுறார்னு போனை வைக்காதீங்க

"குடிச்சிட்டு உளறுறான், விடிஞ்சா சரியாயிடும்." செத்துப்போறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் முதலில் வரும் பதில் இதுதான். தப்பான பதில். மது மனதை இன்னும் கீழே இழுக்கும், தடுத்து நிறுத்தும் யோசனையையும் மழுங்கடிக்கும். போதையில் வரும் அழைப்புக்குத்தான் அவசரம் அதிகம்.

அந்த நேரத்தில் புத்திமதி எடுபடாது. லைன் கட்டாவதற்குள் இருக்கும் இடத்தையும் பக்கத்தில் இருப்பவர் நம்பரையும் வாங்குங்கள். "உயிரை மாய்ச்சுக்கணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் முளைக்காது. ஏற்கெனவே விஷம் எதையாவது விழுங்கியிருந்தால் உடனே 108.

உண்மையான பேச்சு மறுநாள் காலையில். டாஸ்மாக் திறப்பது 12 மணிக்கு, அதற்கு முன்பே கூப்பிட வேண்டும். எந்த அறிகுறி வந்தால் ஆபத்து, அப்போது யாரிடம் போவது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுத வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 'மனசு விட்டுப் பேச நண்பர்' என்று அவர் சொல்லும் ஆள் பெரும்பாலும் கூட உட்கார்ந்து குடிப்பவர். அந்தப் பெயரை அடித்துவிட்டு அக்காவையோ மச்சானையோ கேளுங்கள். பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது, வேறொரு வீட்டில் பூட்டுக்குள் இருக்கட்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் இதற்கென்றே பொதுப் பெட்டகம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

போனிலேயே "இன்னையோட நிறுத்திடுங்க" என்று சொல்வது இன்னொரு விபரீதம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதையொட்டி மூன்றாம் நாள் வாக்கில் மனக்குழப்பம், இல்லாத உருவம் தெரிவது. உயிரே போகலாம். அவரை மருத்துவமனைக்கு அனுப்பித்தான் நிறுத்தவைக்க வேண்டும். "குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்பதும் அபத்தம், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண் 2022 அக்டோபரில் வந்தது, நம்மிடம் 104 மருத்துவ ஆலோசனை எண்ணும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் நெருக்கடியில் இருப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தால் போதாது. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையை விட்டுப் போனபின் சிகிச்சையே வேண்டாம் என்றவர்களுக்கு ஐந்தாண்டுகள் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைகள் குறைந்தன. அதில் அறிவுரை எதுவும் இல்லை, வெறும் நலம் விசாரிப்பு.

நம் ஊரில் அதற்கு ஒரு வாட்ஸ்அப் போதும். "சாப்பிட்டீங்களா? நாளைக்கு 10 மணிக்குக் கூப்பிடுறேன்." பதில் வராவிட்டாலும் 10 மணிக்குக் கூப்பிடணும். போனை அடகு வைத்திருக்கலாம், அதனால் வீட்டம்மா நம்பரையும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.