அந்த நாற்று முடியும் எங்கள் கூலியும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள்களாக இருந்தேன். முடியவில்லை. அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் நட்பில் இருப்பவர்களே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் பச்சைத் துண்டோடு வயலில் இறங்கி, ஒரு பெண்ணின் கையிலிருந்து நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, வாங்கி ஒரு கட்சித் தலைவர் நட்டாரே, அதைத்தான் சொல்கிறேன். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். எழுதினால் பேச்சு அந்தக் கட்சியோடு நின்றுவிடும். இதைச் செய்யாத கட்சி எது?

நடவு தெரிந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். அவர் முன்னோக்கி நடந்தார். நட்ட நாற்றையே மிதித்துக்கொண்டு போனார். அவர் பின்னால் கட்சிக்காரர்கள் மிதித்தார்கள், படம் பிடித்தவர்கள் மிதித்தார்கள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வரப்போரம் ஒதுங்கி நின்றார்கள்.

மிதித்ததுகூடப் போகட்டும். அவ்வளவு நீளக் காணொளியில் "இன்றைக்கு உங்களுக்கு என்ன கூலி?" என்று ஒரு முறைகூட அவர் அந்தப் பெண்களிடம் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டார். கூலியைக் கேட்கவில்லை. என் வருத்தம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. எங்களைப் போன்ற கூலிக்காரர் வீடுகளுக்கு வருகிறவர்கள் இலவசமாகக் கொடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். கூலியைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் ஊர் ஊராகப் போனது. அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அந்த அரிசியை விளைவித்த கூலிக்காரர்களின் குடும்பங்கள். அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. கடைக்காரன் தரும் படிக்கு மேடை கிடைத்தது. களத்தில் கேட்ட அரைப்படிக்குத் தீ வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1969-இல் தஞ்சைப் பகுதிக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியும் அரசியல்தான் என்று இந்த மாநிலத்துக்குத் தெரிந்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

"அப்படியானால் நீயும் இலவசத்துக்கு எதிரியா?" என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. 2011-க்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த கிரைண்டரை அம்மா இன்றும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். பகல் முழுதும் குனிந்து நட்டுவிட்டு, இரவில் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிய தோள் அது. 2021-இல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆனபோது, அம்மாவுக்குப் பக்கத்து ஊர் வயலுக்குப் போய்வரும் செலவு மிச்சமானது. அந்தக் காசுக்கு அவர் என்ன வாங்கினார் என்று எனக்குத் தெரியும்: முழங்கால் வலிக்கு மாத்திரை. இதையெல்லாம் 'இனாம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. 1970-இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். கிரைண்டர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தோளுக்கு ஒரு நாள் உழைப்பின் விலை என்ன என்று கேட்க ஏன் தெரியவில்லை?

"நூறு நாள் வேலைக் கூலி நிலுவைக்காக 2025-இல் ஆர்ப்பாட்டம் நடந்ததே?" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். நடந்தது, நியாயமான ஆர்ப்பாட்டம், மறுக்கவில்லை. நாளுக்கு 319 ரூபாய் என்று அறிவித்துவிட்டு மாதக்கணக்கில் தராமல் வைத்திருந்தது அநியாயம். ஆனால் தம்பி, அது டெல்லி தர வேண்டிய கூலி. டெல்லியை எதிர்த்துக் கூலி கேட்பது எளிது. உள்ளூரில், தன் கட்சிக் கிளைச் செயலாளரின் வயலில் என்ன கூலி என்று கேட்பவரை நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதுதான் என்னை உண்மையில் தூங்கவிடவில்லை. அந்தக் காணொளியின் கீழே, என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார்: "காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடும் பாமர மக்களுக்கு இது போதும்." என் வீட்டில் வந்து சாப்பிட்டவர் அவர். என் அம்மா பரிமாறினார். அந்தப் பாமர மக்களில் என் அம்மாவும் ஒருவர் என்பது எழுதும்போது அவருக்கு நினைவு வரவில்லையா? பணப் பட்டுவாடாவுக்காக 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆர்.கே. நகர் எந்தக் கிராமத்தில் இருக்கிறது? சென்னைக்குள் இருக்கிறது. பணம் வாங்குவது தவறு, சரி. என் தெருவிலும் வாங்குகிறார்கள், நான் மறைக்கவில்லை. கொடுக்கிறவரை விட்டுவிட்டு வாங்குகிற கையை மட்டும் படம் பிடிக்கிறீர்களே, அது என்ன நியாயம்? எங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் உங்களுக்கு எப்படி இவ்வளவு உறுதி வருகிறது?

"நீ நகரத்துக்குப் போய்விட்டாய், உனக்கு என்ன?" என்றும் சிலர் கேட்பார்கள். போய்விட்டேன். அம்மாவின் நடவுக் கூலியில்தான் போனேன். அதனால்தான் கேட்கிறேன்.

நேற்று இரவு அம்மாவுக்கு அந்தக் காணொளியைக் காட்டினேன். அவர் தலைவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவு பேர் மிதித்ததைத் திரும்ப நட்டது யார்? நட்டவர்களுக்கு அதற்குத் தனியாகக் கூலி கொடுத்தார்களா?" என்று கேட்டார். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடுகிற குழுவாக இருந்தால் கிடைத்திருக்காது, அதை அவரே சொன்னார்.

அந்த ஊர்க்காரர்கள் யாராவது என் நட்பில் இருந்தால், அன்று அந்தப் பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று மட்டும் கீழே எழுதுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.