எங்கள் ஊரில் வெள்ளம், உங்கள் வானொலியில் நிலா

வியாழக்கிழமை இரவு நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் "மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்" என்பீர்கள். ஆனால் நேற்று நம் ஊர் வானொலி நிலையத்தார் நேயர்களுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நம் நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். தாம்போதிக்கு, அதாவது தரைப்பாலத்துக்கு, மேல் இடுப்பளவு தண்ணீர். கடைசி பஸ் பாதி வழியில் திரும்பிவிட்டது. மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் நம் ஊர்ப் பண்பலையில் ஒரு பெண் குரல், மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டைக் கேளுங்கள் என்று கொஞ்சுகிறது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவர் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில் என்றைக்கோ பேசிப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவர் ஊரில் அன்றைக்கு நிலா இருந்திருக்கலாம்.

விளக்கம் என்ன தெரியுமா? செயற்கைக்கோள் வானொலி, இணைய வானொலி, செல்பேசிச் செயலி என்று எல்லாப் பக்கமும் போட்டியாம். அதனால் "ஒரே தரமான" நிகழ்ச்சியை எல்லா ஊர்களுக்கும் கொடுக்கிறார்களாம். அதாவது வானத்திலிருந்து ஒரே குரல் எல்லா ஊருக்கும் பொழிகிறது என்பதால், இவர்களும் ஒரே குரலை எல்லா ஊருக்கும் பொழிவார்கள். நல்ல போட்டி! ஐயா, அசல் வானமே இருக்கும்போது உங்கள் போலி வானம் யாருக்கு வேண்டும்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உள்ளூர் வானொலியிடம் இருக்கிற, ஆனால் செயற்கைக்கோளிடம் இல்லாத ஒரே சரக்கு ஊர். பாட்டு அவர்களிடம் நம்மைவிட அதிகம். ஒலித் துல்லியம் அதிகம். பணமும் அதிகம். ஊர் மட்டும் கிடையாது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

செயற்கைக்கோள் வானொலி என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. வேர்ல்ட்ஸ்பேஸ் என்று ஒன்று இருந்தது. 2000இல் ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை ஏவி, அதிலிருந்து நம் தலைக்கு மேல் பாட்டை இறக்கினார்கள். பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் கேட்டிருக்கிறேன். சன்னலோரம் சின்ன ஆன்டெனா, அது வானத்தைப் பார்த்தபடி சரியான கோணத்தில் இருக்க வேண்டும், குறுக்கே மாமரக் கிளை வந்தால் பாட்டு நின்றுவிடும். கர்நாடக இசைக்கு ஸ்ருதி என்ற சேனல், தமிழ்ப் பாட்டுக்கு கே.எல். ரேடியோ. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த வீட்டில் ஒரு மாலை முழுக்க ஆலாபனை கேட்டுவிட்டு வெளியே வந்த போதுதான், தெருவில் எல்லோரும் மறுநாள் கடையடைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று உணர்ந்தேன்.

2008இல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை முடிந்தது. நம் உள்ளூர் நிலையங்கள்தான் அதை வீழ்த்தின என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அது கடனில் மூழ்கிப் போனது. ஆனால் அத்தனை பெரிய செயற்கைக்கோளாலும் "இன்றைக்குச் சேரன்மகாதேவி வழியாகப் பஸ் போகவில்லை" என்று ஒரு வரி சொல்ல முடிந்ததில்லை. அந்த ஒரு வரியைச் சொல்ல முடிந்தவர்கள்தான் இப்போது எங்களுக்கு நிலா காட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலி இன்னும் நன்றாகவே ஓடுகிறது என்று ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார். ஓடுகிறது. எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு நிறுவனங்களாகத் தொடங்கி, தனித்தனியே தாக்குப்பிடிக்க முடியாமல் 2008இல் ஒன்றாகி ஓடுகிறது. அவர்களே 2004இல் என்ன செய்தார்கள் தெரியுமா? பெரிய நகரங்களுக்கென்று தனியாகப் போக்குவரத்து நெரிசலும் வானிலையும் சொல்லும் சேனல்களைத் தொடங்கினார்கள். உள்ளூர் நிலையங்களின் சங்கம் அதற்கு எதிராகக் குதித்தது. வானத்தில் இருப்பவன் ஊருக்காக ஏங்குகிறான், ஊரில் இருப்பவன் வானத்துக்கு ஏங்குகிறான்!

அதே நாட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்று ஓர் ஊர். 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டிய நேரம். சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு, அமோனியா வாயு ஊரை மூடுகிறது. மக்களை எச்சரிக்க வேண்டும். அந்த ஊரில் இருந்த ஆறு வணிக வானொலி நிலையங்களும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். காவல்துறையினர் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துப் பார்க்கிறார்கள். நெடுநேரம் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாதிப்பு. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை சரியாகப் பயன்படுத்தவில்லை, எங்கள் ஆள் உள்ளேதான் இருந்தார் என்று அந்த நிறுவனம் பின்னால் பதில் சொன்னது. இருக்கலாம். அந்தப் பதிலை அமோனியாவைச் சுவாசித்தவர்களிடம் சொல்லட்டும்.

2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கிய போது 870 அலைவரிசையில் டபிள்யு.டபிள்யு.எல். நிலையம் பேசிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்கொன்று வெட்டிக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களின் நிலையங்கள் கைகோத்து ஒரே ஒலிபரப்பைச் செய்தன. கூரை மேல் நின்றவர்கள் அந்த நிலையத்துக்குத்தான் அழைத்தார்கள். அன்றைக்கு யாரும் ஒலித் துல்லியம் எப்படி என்று கேட்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். நான் ஒரு வானொலி நிலையத்தில் சில காலம் கேசுவல் அறிவிப்பாளராக இருந்தவன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். ஒரு மாலை, எங்கிருந்தோ நீண்ட நிகழ்ச்சி ஒன்றை அஞ்சல் செய்ய, அதாவது அப்படியே வாங்கி ஒலிபரப்ப, வேண்டும் என்று உத்தரவு. அதனால் அணை நிலவரம் வாசிக்கவில்லை. பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று ஒரு நிமிடம் வாசிப்பதுதான். பாபநாசம் அணையின் 143 அடி உயரத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது கேட்பவருக்கு வெறும் எண் இல்லை, நாற்றங்கால் பாவலாமா வேண்டாமா என்பது. அன்று தொலைபேசி ஓயவில்லை. ஒரு பெரியவர் "அண்ணாச்சி, கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விடுவார்களா மாட்டார்களா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள், பாட்டை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார். வானொலியைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடம் அதுதான். பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்து படம் காட்டி விளக்குகிறார்களே, அதில் இதில் பாதிகூட இல்லை.

இப்போது ஆளுக்கொரு கேள்வியோடு வருவீர்கள்.

"செல்பேசியில் எல்லாம் வருகிறதே, வானொலி எதற்கு?" 2023 டிசம்பரை அதற்குள் மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மின்சாரம் போனது, செல்பேசிக் கோபுரங்கள் செத்தன, கையில் இருந்த விலை உயர்ந்த செல்பேசி வெறும் டார்ச் விளக்கு ஆனது, அதுவும் சார்ஜ் இருக்கும் வரை. பண்பலை வாங்கும் வசதியைக்கூடப் பல செல்பேசிகளில் எடுத்துவிட்டார்கள். அதை முடக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. பேட்டரி போட்ட வானொலிப் பெட்டி மட்டும் எந்தக் கோபுரத்தையும் கேட்காது. ஆனால் அதைத் திருப்பினால் நிலா வரக் கூடாது.

"தனியார் பண்பலையில் செய்தி சொல்ல அனுமதி இல்லையே?" இந்தச் சாக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆம், சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அந்தத் தடை அநியாயம் என்பதே என் கருத்தும். ஆனால் 2011 கொள்கையிலேயே போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் குறித்து உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு எல்லாம் செய்தி ஆகாது, தாராளமாகச் சொல்லலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாம்போதியில் தண்ணீர் என்பது இயற்கைப் பேரிடர் இல்லையா? நிலாவைச் சொல்ல மட்டும் யார் அனுமதி கொடுத்தது?

"விளம்பரம் இல்லை, வருமானம் இல்லை, இரவில் ஆள் வைக்க முடியாது." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உரிமக் கட்டணம், பாடல் உரிமை, கோபுர வாடகை எல்லாம் சின்ன நகரத்து நிலையத்துக்குச் சுமைதான். ஆனால் பாம்பனில் கடல் ஓசை என்று ஒரு சமுதாய வானொலி 2016 முதல் 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. சமுதாய வானொலிக்குச் சட்டம் கொடுத்திருப்பது நூறு வாட் வீச்சு. நம் வீட்டு வாசலில் எரிந்த பழைய குண்டு பல்பின் அளவு. கடலுக்குப் போகலாமா, காற்று எப்படி, அலை எப்படி என்று அவர்களால் சொல்ல முடிகிறது. பெரிய பெரிய கோபுரம் வைத்திருப்பவர்களால் ஊரின் மழையைச் சொல்ல முடியவில்லை.

நம் பக்கத்து நாகர்கோவிலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 1984இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அங்கேதான் தொடங்கியது. டில்லியிலோ பம்பாயிலோ இல்லை, நாகர்கோவிலில். பெரிய நிலையங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களின் விஷயத்தை அந்த ஊர்க்காரர்களே பேசட்டும் என்ற நினைப்பில் பிறந்தது அது. அந்த நினைப்பைத் தந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் இன்றைக்கு அஞ்சல் நிகழ்ச்சி கேட்கிறோம்.

கடைசியாக, நேரில் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் சொல்லும் குற்றச்சாட்டு: "இவருக்கு வாய்ப்புப் போய்விட்டது, அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறார்." ஆமாம், போய்விட்டது. தேவைப்படும்போது அழைப்போம் என்றார்கள். நானும் செல்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் போல எத்தனையோ பேர். மகப்பேறு முடிந்து திரும்பிய பெண்கள், நெல்லைத் தமிழை அழகாகப் பேசக்கூடிய இளைஞர்கள், கிராமப் பண்ணை நிகழ்ச்சிக்கு விதை வாங்கிக்கொண்டு வந்து பேசிய விவசாயிகள். எங்களுக்குக் கொடுத்த தொகையை மிச்சம் பிடித்துத்தான் இவர்கள் போட்டியில் ஜெயிக்கப் போகிறார்களா? எனக்கு வலிக்கிறது என்பதால் நான் சொல்வது பொய் ஆகிவிடுமா? செருப்பு கடித்தவனிடம்தானே எங்கே கடிக்கிறது என்று கேட்க வேண்டும்?

இன்னொன்று. இப்போதெல்லாம் நிலையத்தார் யாரைக் கண்டாலும் "நேயர்களின் ரசனை மாறிவிட்டது" என்கிறார்கள். எந்த நேயரைக் கேட்டீர்கள்? வியாழக்கிழமை இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வானொலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே எங்கள் தெரு அக்கா, மகன் வேலை முடிந்து எந்த வழியாக வருகிறான் என்று தெரியாமல், அவரைக் கேட்டீர்களா? அவர் ரசனை அன்றைக்கு மாறவில்லை. அவருக்கு ஒரே ஒரு தகவல் வேண்டும், பாலம் திறந்திருக்கிறதா. அதை அவருக்குச் சொன்னது வானொலி இல்லை, பால்காரர்.

வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியவில்லை. நிலையத்தாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உலகத் தரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நிலையத்தின் இரவு நேரத் தொலைபேசி எண்ணை மட்டும் வெளியிடுங்கள். அடுத்த மழையில் யாராவது எடுக்கிறார்களா என்று நானே அழைத்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.