பிராந்தி குடித்தால் கிருமி சாகாது
"தினமும் ரெண்டு பெக் பிராந்தி போட்டால் உடம்பில் கிருமியே தங்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்புங்க. கையில் தடவுகிற சானிடைசரிலேயே குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் வேண்டும். ரத்தத்தில் அது அரை சதவீதத்தை நெருங்கினாலே ஆளின் உயிருக்கு ஆபத்து, அப்புறம் எங்கே கிருமி சாவது?

வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடிப்பவருக்கு நடப்பது நேரெதிர். நுரையீரல் காற்றறைகளில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் மந்தமாகின்றன, மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் சோர்ந்துவிடுகின்றன, குடல் சுவர் கசிந்து பாக்டீரியா நச்சு கல்லீரல்வரை போகிறது. குடிநோயாளிகளுக்குக் காசநோய் அபாயம் சுமார் 3 மடங்கு; நிமோனியாவும் சீக்கிரம் பிடிக்கும். பிராந்தியில் மிளகுத்தூள் போட்டுக் குடித்தால் தொண்டை சுரீரென்று எரியும், சரி, ஆனால் அந்த எரிச்சல் மருந்து வேலை செய்வதன் அடையாளமில்லை.