கைபேசி அலைகளும் உடைந்ததாகச் சொல்லப்படும் டிஎன்ஏவும்

கைபேசிக் கோபுரங்களுக்கு எதிராக வாட்ஸாப்பில் சுற்றும் பதிவுகளில், ரேடியோ அலைகள் மனிதச் செல்களின் டிஎன்ஏவை உடைப்பதை ஐரோப்பிய ஆய்வு ஒன்று நிரூபித்துவிட்டது என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். அப்படியோர் ஆய்வு உண்மையிலேயே உண்டு. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்தப் பதிவுகள் சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ரிஃப்ளெக்ஸ் திட்டத்தின் ஒரு பகுதியாக, வியன்னா ஆய்வகம் 2005இல் அதை வெளியிட்டது. மனிதத் தோலிலிருந்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவை உருவாக்கும்) செல்கள்மீது 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளை, ஒரு கிலோ திசு உறிஞ்சும் திறனாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 2 வாட் வரையிலான அளவில் பாய்ச்சினார்கள். பிறகு செய்ததுதான் 'காமெட்' சோதனை. செல்களை அகரோஸ் கூழில் பதித்து, சவ்வைக் கரைத்து, மின்புலத்தில் வைப்பார்கள். முழுதாக உள்ள டிஎன்ஏ உருண்டையாக அங்கேயே நிற்கும். உடைந்த துண்டுகளோ நேர்மின்வாயை நோக்கி நகர்ந்து, நுண்ணோக்கியில் வால்நட்சத்திரம் போலத் தெரியும். அலை பாய்ந்த செல்களில் வால் கூடுதலாக இருந்தது என்பதே வியன்னாவின் முடிவு.

2007இல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகக் குழுவினர் அதே வகைச் செல்களையும் அதே வகைக் கருவியையும் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அந்த விளைவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது ஆய்வகத்தில் மறுபடி தோன்றாத ஒன்றை நிரூபணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்துறையில் வெப்பம் எளிதில் ஏமாற்றக்கூடியது. 37 டிகிரியில் வைத்திருக்கும் செல்கள் சற்றே சூடேறினாலும், அலையின் விளைவு எது, சூட்டின் விளைவு எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். வாலைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தும்போது, எந்தத் தகட்டின் மீது அலை பாய்ந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலிருப்பதும் அவசியம்.

இந்த அலைகளால் டிஎன்ஏவுக்குத் தீங்கு வரவே வழியில்லை என்னும் மறுபக்கத்தாரின் வாதத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஆற்றல் துணுக்கான ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 7 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவைப்படுவதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே எக்ஸ்ரே போல இது டிஎன்ஏவை நேரடியாக உடைக்காது என்பது சரியே. ஆனால் அதோடு பேச்சு முடிந்தது என்பது அவசரம். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில், கைபேசி அலைகள் பட்ட ஆண் எலிகளில் இதயக் கட்டிகள் வந்ததற்குத் தெளிவான சான்று இருப்பதாகச் சொன்னது. சில திசுக்களில் காமெட் வால்களும் கூடியிருந்தன. நாளுக்கு ஒன்பது மணி நேரம், உடல் முழுவதும், கிலோவுக்கு 6 வாட் வரை கொடுத்த சோதனை அது. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்பதுதான் இதில் வேடிக்கை.

2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை '2பி' பட்டியலில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற வரிசையில் சேர்த்தது. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024இல் வெளியான மதிப்பாய்வோ, கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை.

இத்தனைக்கும், நம் உடல் செல்களுக்கு அதிக அலை வருவது பெரும்பாலும் தெருமுனைக் கோபுரத்திலிருந்து அல்ல, காதோடு ஒட்டிய கைபேசியிலிருந்துதான். கோபுரங்களுக்கு இந்தியா 2012 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதிக்கிறது. கைபேசிக்கான வரம்போ கிலோவுக்கு 1.6 வாட். கோபுரம் தொலைவில் இருந்து சிக்னல் மெலிந்தால் கைபேசி தன் வீச்சைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். தெருவில் கோபுரம் வரவிடாமல் தடுத்துவிட்டு, ஒற்றைக் கோடு சிக்னலில் அரை மணி நேரம் பேசுகிறவரின் காதோரச் செல்களுக்குத்தான் அலை கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. அவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசினாலே அதில் பெரும்பகுதி குறைந்துவிடும்.