மெத்தை தெரிந்துவிட்டதாம்

அந்த வீடியோவை இரண்டு நாளாகப் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். தீம் பார்க்கில் கௌபாய் வேடக்காரர் கூரையிலிருந்து விழுகிறார், வண்டிக்குப் பின்னால் மெத்தையின் ஓரம் தெரிகிறது, உடனே "எல்லாம் ஏமாத்து வேலை" என்று சிரிப்பு. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. மெத்தை போடுவது ஏமாற்று இல்லை. அந்த மெத்தையில் சரியாக விழுவதுதான் அவருடைய தொழில்.

கணக்கு எளிது. 30 அடியிலிருந்து விழுந்தால் 1.4 விநாடியில் கீழே வந்துவிடுவோம், மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகம் 1 மீட்டர் ஆழத்தில் அடங்கினால் உடம்பின் மேல் அதன் எடையைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு சுமை. 10 சென்டிமீட்டரில் அடங்கினால் 90 மடங்கு. நடுவில் இருப்பது மெத்தை மட்டும்தான்.

"மெத்தை இருக்கே, அப்புறம் என்ன ஆபத்து?" என்பவர்களுக்கு: முதுகு பரப்பி விழ வேண்டும். கால் முதலில் பட்டால் முழங்கால் மடங்கி முகத்தில் இடிக்கும். கூரை விளிம்பிலிருந்து எம்பினால் உடம்பு மெத்தையைத் தாண்டிப் போய்விடும், சும்மா சரிந்தால் சுவரை உரசும். காற்றுப் பையாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று சரியான வேகத்தில் வெளியேற வேண்டும். இல்லையென்றால் பை ஆளைத் தூக்கி எறியும். சினிமாவில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி அதன்மேல் விழுவார்கள், நசுங்கியதை மாற்றிவிட்டு அடுத்த டேக். இங்கே ரீடேக் கிடையாது. ஒரே நாளில் நாலைந்து காட்சி, ஒவ்வொன்றிலும் அதே கூரை, அதே விழுதல்.

இந்தக் காட்சிகளில் வரும் கைகலப்பும் அப்படித்தான். கேமராவுக்கு ஒரே கோணம், அதை ஏமாற்றலாம். மேடைக்கு முன்னால் வளைவாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யாருக்கும் இடைவெளி தெரியக் கூடாது. கை முகத்துக்கு முன்னால் போகும் அதே கணத்தில், அடிவாங்குபவர் தன் நெஞ்சைத் தட்டிச் சத்தம் எழுப்புவார். கால் விநாடி தப்பினால் மானம் போகும், அல்லது பல் போகும். உடையும் மாடிக் கைப்பிடித் தடுப்புக்குப் பல்சா என்ற மிக லேசான மரம், அதுவும் முன்கூட்டியே பாதி அறுத்து வைத்தது. கூடுதலாக அறுத்தால் சாய்ந்ததுமே முறியும். குறைவாக அறுத்தால் முறியாமல் விலாவைப் பதம் பார்க்கும்.

"வெற்றுத் தோட்டாதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் இருப்பது நிஜ வெடிமருந்து. 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார், இறந்தே போனார். அதனால்தான் இந்தக் காட்சிகளில் தள்ளி நின்று, ஆளை விட்டு விலக்கிச் சுடுகிறார்கள். அதையும் "குறி தப்பிருச்சு" என்று கிண்டல் செய்கிறீர்கள்!

இது நேற்று முளைத்த வேடிக்கையும் இல்லை. 1883-இல் நெப்ராஸ்காவின் ஒமஹாவில் பஃபலோ பில் என்பவர் 'வைல்ட் வெஸ்ட்' என்ற கௌபாய் காட்சியைத் தொடங்கினார், 1887-இல் அதோடு லண்டன் போனார். செவ்விந்தியர்களை வேடிக்கைப் பொருளாக்கினார் என்ற குற்றச்சாட்டு நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கீழே விழுகிறவரின் உழைப்பு அதனால் பொய்யாகிவிடாது. 1939-இல் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் யாகிமா கனட் என்ற ஸ்டண்ட் கலைஞர் ஓடும் ஆறு குதிரைகளுக்கு நடுவே விழுந்து, வண்டி தன் மேலே கடந்து போகும்படி படுத்தார். அதே ஆண்டு அரிசோனாவில் வேறொரு படத்துக்காகக் கட்டிய ஓல்ட் டூசான் என்ற செட் ஊர், 1960-இல் பூங்காவாகி, துப்பாக்கிச் சண்டை காட்டியது. ஃப்ளோரிடா யுனிவர்சலில் 1991 முதல் 2003 வரை ஒரு கௌபாய் ஸ்டண்ட் காட்சி நடந்தது. பாரிஸ் டிஸ்னிலேண்டில் நிஜக் குதிரை, நிஜக் காட்டெருமையோடு 1992-இல் தொடங்கிய காட்சி 2020-இல் முடிந்தது. ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். இந்தப் பூங்காக்களில் இத்தனை ஆண்டு விழுந்து எழுந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? மெத்தை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அந்த வீடியோவை இன்னொரு முறை போடுங்கள். மெத்தையை விடுங்கள், அவர் கழுத்தைப் பாருங்கள். கூரையை விட்டுக் கால் பிரியும்போதே மோவாய் நெஞ்சோடு ஒட்டிவிட்டது.