பாத்தியில் உப்பு வேண்டாம்

மல்லிகைப் பாத்தியைச் சுற்றிக் கல்லுப்பு தூவினால் நத்தை ஒழியும், செடிக்கு ஒன்றும் ஆகாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். உப்பு பட்டால் நத்தை நீரிழந்து சாகும், அது சரி. செடிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் தவறு. மழையில் கரையும் உப்பு மண்ணுக்குள் இறங்கினால், ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் பல கிணறுகளில் ஏற்கெனவே உவர்நீர்தான். அதற்கு மேலும் உப்பா?

சந்தேகமிருந்தால் இரண்டு தொட்டிகளில் பாசிப்பயறு ஊன்றி, ஒன்றில் மட்டும் ஒரு பிடி உப்பு போடுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். மண் பரிசோதனை நிலையத்திலும் உப்பின் அளவைச் சொல்வார்கள்.

நத்தைக்கு இரவில் ஈரச் சாக்கை விரித்து வையுங்கள். விடியலில் அதனடியில் ஒதுங்கியிருப்பதைக் கையுறையோடு பொறுக்கி, உப்புநீர் வாளியில் போடலாம். அந்த வாளியைப் பாத்தியில் கவிழ்த்துவிடாதீர்கள்.