கலப்பு கூடினால் பாகுபாடு போய்விடுமா?

கலப்புத் திருமணங்கள் பெருகப் பெருக இனப்பாகுபாடு தானாகவே மறைந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு தொடர் கட்டுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரேசிலைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. அங்கே 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 45.3 சதவீதம் பேர் தங்களைக் கலப்பினத்தவர், அதாவது ‘பார்டோ’, என்று பதிந்திருக்கிறார்கள். வெள்ளையர்களைவிட இது அதிகம். இருந்தும் சராசரி வருமானத்தில் வெள்ளையர்தான் வெகுவாக மேலே இருக்கிறார்கள். போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் பார்டோக்களும்தான். 2012இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததே, நூற்றாண்டுக் கணக்கில் நடந்த கலப்பு அந்த வேலையைச் செய்யவில்லை என்பதால்தானே!

யார் எந்த இனம் என்பதைக்கூட ரத்தம் தீர்மானிப்பதில்லை, அரசுதான் தீர்மானித்தது. அமெரிக்க மாநிலமான வெர்ஜீனியாவின் 1924 சட்டப்படி கறுப்பின மூதாதையர் ஒருவர் இருந்தாலே ஒருவர் வெள்ளையர் ஆக முடியாது. வெள்ளையர் மற்ற இனத்தவரை மணக்கவும் தடை. அந்தத் தடை 1967இல்தான் நீங்கியது. தென்னாப்பிரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1950 சட்டத்தின் கீழ், தலைமுடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா என்று பார்த்தெல்லாம் இனத்தை முடிவு செய்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவாகி, வேறு வேறு பகுதிகளில் வாழ வேண்டி வந்தது. அந்தக் குடும்பங்களைப் பிரித்தது சட்டம்.

கலப்பினப் பிள்ளைகள் மேல் உலகத்தைத் திருத்தும் பாரத்தை ஏற்றாதீர்கள். நிலம், கூலி, பள்ளிக்கூடம் யார் கையில் இருக்கிறது என்று கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது எழுதுங்கள்.